வெட்டாற்றுக்கு அக்கரையில் விட்ட பூனை

தங்கைக்கு அப்போது ஐந்தாம் மாதம். வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தால் திண்ணையிலிருந்து முதலில் இறங்கி வருவது சிட்டுதான். அன்று வரவில்லை. கொல்லைப் பக்கம் போய்க் கூப்பிட்டேன். வைக்கோல் போருக்குப் பின்னால் பார்த்தேன், பரணில் ஏறிப் பார்த்தேன். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வராமலே சொன்னார்: "மாமா கொண்டுபோய் ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துட்டாரு. நீ தேடாத."

சாக்கில் போட்டு, வாயைக் கயிற்றால் இறுக்கி, வண்டியில் முன்னால் வைத்துக்கொண்டு வெட்டாற்றுப் பாலம் தாண்டிப் போய் அவிழ்த்துவிட்டிருக்கிறார். மாமா கெட்டவர் இல்லை. மழைக்காலத்தில் தெருநாய்க் குட்டிகளுக்குக் கொட்டகையில் சாக்கு விரித்துப் போடுகிறவர். தங்கச்சி மகளின் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துபோனவர், அவ்வளவுதான்.

அந்தப் பயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு காகிதம். தங்கை பரிசோதனைக்குப் போன இடத்தில், கருவைத் தாக்கும் தொற்றுகளைப் பார்க்கிற டார்ச் டெஸ்ட் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தார்கள். அதில் டாக்சோபிளாஸ்மா என்ற வரிக்கு எதிரே ஒரு எண் தடித்த எழுத்தில் இருந்தது. காகிதத்தைக் கொடுத்தவர் கேட்ட ஒரே கேள்வி, "வீட்ல பூனை இருக்கா?" இருக்கிறது என்றதும், "அப்ப முதல்ல அதை வெளியேத்துங்க" என்றார். அந்த எண் என்ன சொல்கிறது, குழந்தைக்கு என்ன ஆகும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான். அந்தக் காகிதம் எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. பூனை என்ற சொல் மட்டும் புரிந்தது.

எங்கள் ஊர் கண்டியூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகும் வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். நாங்கள் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இருக்கிறோம். சுற்றிலும் தண்ணீர் என்பதால், இங்கே வேண்டாத பூனையை ஆறு தாண்டி விடுவது பழைய வழக்கம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் போன பூனைக்கு வழி தெரியாது என்பார்கள்.

பன்னிரண்டு நாள் தேடினேன். வேலைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. பதின்மூன்றாம் நாள் சாயங்காலம், அந்தப் பக்கத்து அரைவை மில்லின் பின்புறம், உமிக் குவியலுக்கும் சுவருக்கும் இடையில் சிட்டு உட்கார்ந்திருந்தாள். பாதி ஆளாக இருந்தாள். முன்னங்கால்களுக்கு நடுவில் பாதி தின்ற எலி ஒன்று கிடந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் உறுமினாள். பிறகு அடையாளம் தெரிந்து கத்திய கத்தலை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை.

சரி, எங்கே கொண்டுபோவது? வீட்டுக்கு முடியாது. அடுத்த தெருவில் இருக்கும் சின்னம்மா மாடுகளை விற்றுவிட்டிருந்தார், கொட்டகை காலியாகக் கிடந்தது. "இங்க விட்டுட்டுப் போ. நான் என்ன பிள்ளை பெக்கவா போறேன்" என்றார். அன்று அந்தக் கொட்டகைக்கு வந்தது ஒரு பூனை. இன்று பதினேழு இருக்கின்றன.

மறுநாள் சிட்டுவைக் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த டாக்டரம்மா நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கேட்ட கேள்வியில்தான் எனக்கு இந்த விஷயமே விளங்க ஆரம்பித்தது.

"வீட்ல இருந்தப்ப இது என்ன சாப்பிட்டுச்சு?"

"சோறு, குழம்பு மீன், கொஞ்சம் பால்."

"இந்தப் பன்னெண்டு நாளா?"

"எலி."

அவர் விரல் விட்டு எண்ணினார். "அப்ப இனிமேல்தான்மா மூணு வாரம் ஜாக்கிரதையா இருக்கணும். இது வீட்ல இருந்த வரைக்கும் பயப்பட ஒண்ணுமில்ல. வெளியில அனுப்பினதாலதான் இப்பப் பார்க்க வேண்டியிருக்கு."

அவர் சொன்னதையும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். டாக்சோபிளாஸ்மா கோண்டி என்பது ஒரே ஒரு செல்லால் ஆன ஒட்டுண்ணி. ஆடு, கோழி, பன்றி, எலி, மனிதன் என்று வெப்ப ரத்தம் உள்ள எந்த உயிருக்குள்ளும் அது போய்ச் சதையிலும் மூளையிலும் சின்னச் சின்னக் கூடு கட்டி அடங்கிக் கிடக்கும். ஆனால் ஆணும் பெண்ணுமாகக் கூடி முட்டை போன்ற உறைகளை உண்டாக்குவது பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டும்தான். புலிக்கும் சிறுத்தைக்கும் இது பொருந்தும். ஏன் பூனை மட்டும் என்பதற்கு 2019இல் ஒரு விளக்கம் கிடைத்தது. லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பை மற்ற விலங்குகளின் குடல் ஒரு நொதியைக் கொண்டு மாற்றிவிடுகிறது. பூனையின் குடலில் அந்த நொதி வேலை செய்வதில்லை. அங்கே தங்கிப்போகும் அந்தக் கொழுப்புதான் இந்த ஒட்டுண்ணி பெருகுவதற்கு வழிவிடுகிறது.

ஒரு பூனை இதை எப்படி வாங்கிக்கொள்கிறது? பெரும்பாலும் பச்சை இறைச்சி வழியாக. கூடு உள்ள எலியையோ குருவியையோ வேகாத கறித்துண்டையோ தின்றால், மூன்று முதல் பத்து நாளுக்குள் அதன் மலத்தில் இந்த முட்டைகள் வெளியேற ஆரம்பிக்கும். ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை லட்சக்கணக்கில் வெளியேறும். அதற்குள் பூனையின் உடம்பு எதிர்ப்பைக் கட்டிக்கொள்ளும். அத்தோடு நின்றுவிடும். பெரும்பாலான பூனைகளுக்கு வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். எட்டு வருஷம் ஒரு வீட்டில் இருக்கும் பூனை அத்தனை வருஷமும் கிருமியைப் பரப்பிக்கொண்டிருக்கும் என்று நினைப்பது தவறு.

இன்னொன்று. வெளியே வந்த உடனே அந்த முட்டை யாருக்கும் தொற்றாது. காற்றும் ஈரமும் பட்டு அது முதிர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். அதனால் பூனை மலம் கழிக்கும் மணல் தட்டைத் தினமும் காலையில் சுத்தம் செய்கிற வீட்டில் முதிர்வதற்கே வழியில்லை. பூனையைத் தடவினால் வருமா என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. பூனை எந்நேரமும் தன் உடம்பை நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பிராணி. முட்டை முதிர்கிற அளவுக்கு மலம் அதன் ரோமத்தில் ஒட்டிக்கிடப்பதில்லை. மடியில் போட்டுக்கொள்வதால் இது வருவது அரிது.

டாக்சோபிளாஸ்மா என்ற பெயருக்குள் ஒரு வில் இருக்கிறது. 1908இல் துனிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் சார்ல் நிக்கோல், லூயி மான்சோ என்ற இருவர், எலியைப் போன்ற ஒரு கொறிவிலங்கின் உடம்பில் இதை முதலில் பார்த்தார்கள். பிறை மாதிரி, வில் மாதிரி வளைந்திருந்ததால் வில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு பெயர் வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வயல்தான் ஞாபகம் வந்தது. வயல் எலியைப் பிடிக்க இங்கே தஞ்சாவூர் கிட்டி என்று ஒன்று உண்டு. மூங்கிலை வில்லாக வளைத்து நாண் ஏற்றி வரப்பில் ஊன்றி வைப்பார்கள். இரையைத் தேடி எலி தலையை விட்டதும் நாண் இறுகிவிடும். பயிர் பால் பிடிக்கும் காலத்தில் விடியற்காலை போய்ப் பார்த்தால் வரப்பில் எலிகளைக் குவித்து வைத்திருப்பார்கள். தெருப்பூனைகள் அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வரும்.

அந்த எலிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எலிக்குப் பூனையின் வாடை பட்டாலே ஒடுங்கிவிடும், அது பிறவியிலேயே வருகிற பயம். இந்த ஒட்டுண்ணி மூளையில் தங்கிய எலிக்கு அந்தப் பயம் குறைந்துபோகிறது, சில எலிகள் அந்த வாடையைத் தேடியே போகின்றன என்று 2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூனையின் வயிற்றுக்குள் போய்ச் சேர ஒரு கிருமி எடுக்கும் வழி அது. பசியோடு ஆற்றங்கரையில் கிடக்கும் பூனைக்கு முதலில் அகப்படுவது அப்படிப்பட்ட, ஓடத் தெரியாத எலியாகத்தானே இருக்கும்? சோறு போட்டு வீட்டில் வைத்திருந்த சிட்டுவை அந்த எலியிடம் அனுப்பியது நாங்கள். எலி பிடிக்காமல் அவள் அந்தப் பன்னிரண்டு நாளைக் கடந்திருக்க முடியாது.

கிருமி தெரிந்த பிறகும், இதில் பூனையின் பங்கு என்ன என்று கண்டுபிடிக்கச் சுமார் அறுபது வருஷம் ஆனது. 1965இல் வில்லியம் ஹட்சிசன் பூனை மலத்தின் வழியாகத் தொற்று பரவுவதைக் காட்டினார். 1970ஐ ஒட்டி அவரும் வேறு சில குழுக்களும் முட்டையை அடையாளம் கண்டு சுழற்சியை முழுமையாக்கினார்கள். அந்தக் குழுக்களில் இந்தியாவில் கால்நடை மருத்துவம் படித்துப் போன ஜிதேந்தர் துபேயும் ஒருவர். வாழ்நாளின் பெரும்பகுதி இந்தக் கிருமியோடு கிடந்தவர் அவர்.

தங்கையின் காகிதத்துக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்துத் தஞ்சாவூரில் வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் காகிதத்தை மேசைமேல் விரித்துத் தங்கையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார். அதில் இரண்டு வரி இருக்கிறது. ஐஜிஜி என்பது பழைய தொற்றின் தழும்பு மாதிரி, என்றைக்கோ வந்து போனதைச் சொல்லும். ஐஜிஎம் என்பது அண்மையில் வந்திருக்கலாம் என்று எச்சரிப்பது. தங்கைக்கு முதல் வரி பாசிட்டிவ், இரண்டாவது நெகட்டிவ். அப்படியென்றால் கருத்தரிப்பதற்கு முன்பே எப்போதோ வந்து போய்விட்டது, உடம்பில் எதிர்ப்பு இருக்கிறது, குழந்தைக்குப் பயமில்லை. "இது நல்ல ரிப்போர்ட்மா" என்றார். தங்கை அழுதுவிட்டாள். நானும்தான்.

ஐஜிஎம் பாசிட்டிவாக வந்தாலும் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது என்றும் சொன்னார். சிலருக்கு அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட ரத்தத்தில் நீடிக்கும். அவிடிட்டி என்று இன்னொரு பரிசோதனை எடுத்தால் தொற்று புதிதா பழையதா என்று தெரிந்துகொள்ள உதவும். உண்மையான ஆபத்து, முதல் தடவையாகக் கர்ப்ப காலத்திலேயே தொற்று வருகிறவர்களுக்குத்தான். முதல் மூன்று மாதத்தில் வந்தால் குழந்தைக்குக் கடத்தப்படும் வாய்ப்பு குறைவு, ஆனால் கடத்தப்பட்டால் பாதிப்பு கடுமை. கரு கலையலாம், குழந்தையின் மூளையும் கண்ணும் பாதிக்கப்படலாம். கடைசி மூன்று மாதத்தில் கடத்தப்படும் வாய்ப்பு மிக அதிகம், பாதிப்பு பொதுவாகக் குறைவு. பிறக்கும்போது நன்றாகத் தெரிந்த குழந்தைக்குக் கண்ணில் வருஷங்கள் கழித்துப் பிரச்சினை வருவதும் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஸ்பைராமைசின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஆகவே கர்ப்பிணிகள் இதை லேசாக எடுத்துக்கொள்ளலாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். எச்ஐவியால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும் சதைக்குள் அடங்கிக் கிடந்த பழைய கூடுகூட விழித்துக்கொண்டு மூளையைத் தாக்கலாம். அவர்களும் டாக்டரிடம் கேட்டு நடக்க வேண்டும்.

டாக்டர் கடைசியாகக் கேட்டதுதான் என்னை உலுக்கியது. "கறி எப்படிச் சமைக்கிறீங்க?"

தங்கைக்கு ரத்தம் குறைவு என்று அத்தை வாரம் ஒருமுறை சுவரொட்டி வாங்கி வருவார். ஆட்டு மண்ணீரலைத் தணலில் லேசாக வாட்டி, உள்ளே சிவப்பு மாறாமல் இருக்கும்போதே மிளகு தூவிக் கொடுப்பார். ரொம்ப வெந்தால் சத்துப் போய்விடும் என்பது அத்தை கட்சி. சிட்டுவைச் சாக்கில் கட்டிய அதே வாரத்தில் அந்தத் தட்டும் தங்கை முன்னால் வந்தது. பழைய எதிர்ப்பு இருந்ததால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிர்ப்பு இல்லாத ஒரு பெண்ணுக்கு, திண்ணையில் படுத்திருந்த பூனையைவிட அந்தத் தட்டு ஆபத்தானது. ஐரோப்பாவில் ஆறு நகரங்களின் கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2000இல் வெளியான ஓர் ஆய்விலும், தொற்றுக்குப் பெரிய காரணம் சரியாக வேகாத இறைச்சி என்றும், அடுத்தது மண் என்றும் தெரிந்தது. பூனையோடு பழகுவது காரணமாகத் தெரியவில்லை. நம் குழம்புக் கறியில் கவலையில்லை, அது நன்றாகவே வெந்துவிடுகிறது. பச்சைக் கறியை அரிந்த அரிவாள்மணையில், கழுவாமல், வெங்காயம் அரிகிறோமே, அங்கேதான் பார்க்க வேண்டும்.

மண் என்று சொன்னேன். எங்கள் பகுதிக்கு அதுதான் பெரிய விஷயம், பூனையை விரட்டுகிற யாரும் அதைப் பேசுவதில்லை. இந்த முட்டைக்கு வெயிலில் காய்ந்த மண் ஆகாது. ஈரமும் நிழலும் இருந்தால் ஒரு வருஷத்துக்கும் மேல் உயிரோடு கிடக்கும். நம் டெல்டாவை நினைத்துப் பாருங்கள். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் ஜனவரி 28 வரை வாய்க்காலில் தண்ணீர். குறுவை, சம்பா, தாளடி என்று வயலில் சேறு காயாமலே இருக்கும். நடவுக்குப் போகிற பெண்கள் அந்தச் சேற்றில் முழங்கை வரை கை விட்டுவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் கையை அலம்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவர்களில் கர்ப்பிணிகளும் உண்டு. மசக்கையில் மண்ணைத் தின்ன ஆசைப்படும் பெண்களும் உண்டு, வெட்கத்தில் வெளியே சொல்லமாட்டார்கள். கொல்லையில் பறித்த தண்டுக்கீரையை ஒரே ஒரு தண்ணீரில் அலசிவிட்டு எடுத்துக்கொள்கிறோம். சமைப்பதால் கீரை தப்பித்துவிடும். பச்சையாகத் தூவும் கொத்தமல்லி தப்பிக்காது. சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், கீரையை மூன்று தண்ணீரில் அலசுவதும், குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பதும் ஒரு கர்ப்பிணியைக் காப்பாற்றும். பூனையை ஆறு கடத்துவது காப்பாற்றாது, அக்கரை மண்ணிலும் ஒரு கர்ப்பிணி கை வைப்பாள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்வது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூரில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பார்வை மங்கிக் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டாக்சோபிளாஸ்மா விழித்திரையைத் தாக்கியிருந்தது. குடிநீர் வழியாக வந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் இந்த முட்டையைக் கொல்லாது. சூடு கொல்லும்.

இனி கொட்டகைக்கு வருகிறேன். நான் செய்த ஒரு தவறை எழுதாமல் இதை முடிக்கக் கூடாது.

சிட்டு வந்த விஷயம் ஊரில் பரவியதும், கொட்டகை வாசலில் அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பித்தன. கண் திறக்காத குட்டிகள், பால் மறந்த குட்டிகள், கல்யாணம் ஆகி மருமகள் வரப்போகிற வீட்டுப் பூனை, வளைகாப்பு நடந்த வீட்டுப் பூனை. ஒரு ஐப்பசி மாதம் ஒன்பது குட்டிகள் ஒன்றாக இருந்தன. சின்னம்மாவின் பென்ஷனும் என் சம்பளத்தில் ஒரு பங்கும் போதவில்லை. கறிக்கடைத் தம்பி இரக்கப்பட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜவ்வும் கொழுப்பும் ஒரு பை நிறையக் கொடுப்பார். குட்டிகள் அதைப் பார்த்தால் பறக்கும். எலி தின்றால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்த நான், கடையில் வாங்கியது சுத்தமானதுதானே என்று அதை அப்படியே பச்சையாகப் போட்டேன்.

மூன்று மாதக் குட்டிகள் இரண்டு, செவலையும் அவன் தம்பியும், ஒரு வாரத்தில் சுருண்டன. காய்ச்சல், மூச்சு வாங்கல், தின்ன மாட்டேன் என்றன. தம்பிக்காரனுக்கு வாயின் உள்பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. செவலையின் இடது கண் பால் ஊற்றினாற்போல் மங்கிவிட்டது. வளர்ந்த பூனைகள் இந்தத் தொற்றை வெளியே காட்டிக்கொள்ளாமலே கடந்துவிடும். குட்டிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவற்றுக்கும்தான் இது நுரையீரலில், கல்லீரலில், கண்ணில், மூளையில் வேலையைக் காட்டும். அப்போது எனக்கு அது தெரியாது. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஆட்டோ பேசிக்கொண்டிருந்த காலையிலேயே தம்பி அடங்கிவிட்டான். செவலையை மட்டும் கொண்டுபோனேன்.

ரத்தம் எடுத்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். கறி ஜவ்வு என்று சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கிளிண்டாமைசின் எழுதிக் கொடுத்தார்கள். நான்கு வாரம், காலையும் மாலையும். அது வாயில் பட்டாலே நுரை தள்ளும் கசப்பு. மருந்து போனதும் கொஞ்சம் தண்ணீர் சிரிஞ்சில் விட வேண்டும், இல்லையென்றால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். துண்டில் சுற்றிச் சின்னம்மா பிடித்துக்கொள்வார், நான் கொடுப்பேன். மூன்றாம் நாள் ஒரு வாய் மீன் தின்றான். செவலை பிழைத்துக்கொண்டான். இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. அவன் தம்பியைக் கொல்லையில் நாரத்தை மரத்தடியில் புதைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பைதான் ஞாபகம் வருகிறது.

அன்றிலிருந்து கொட்டகைக்குள் பச்சையாக எதுவும் வருவதில்லை. கறிக்கடை ஜவ்வும் மத்தி மீனும் சோற்றோடு ஒன்றாகக் கொதிக்கும். பெரிய அலுமினியச் சட்டி, தென்னைமட்டை அடுப்பு. வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும், அதை மறுக்கவில்லை, ஆனால் பசிக்கிற பூனை அளவுக்கு அலையாது. அறுவடை நேரத்தில் எலிக்கு மருந்து வைப்பார்கள், அதைத் தின்ற எலியைத் தின்று தெருப்பூனைகள் சாவதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்துப் பதினைந்து நாள் எல்லோரையும் கதவுக்குள்ளேயே வைத்துவிடுவோம்.

மணலுக்குப் பதில் மில்லில் கிடைக்கும் உமிச்சாம்பலும் மரத்தூளும் கலந்து தட்டுகளில் போடுகிறோம். விலை இல்லை, நாற்றத்தையும் அடக்கும். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குள் கையுறை போட்டுக்கொண்டு முழுதையும் அள்ளிவிடுவேன். பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி முழங்கால் ஆழத்துக்கு வெட்டிய குழியில் போட்டு மண் தள்ளுவோம். வாய்க்காலில் கொட்டினால் அது யார் வீட்டு வயலுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இந்த முட்டையை ஒன்றும் செய்யாது. அதனால் தட்டுகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி வெயிலில் கவிழ்ப்போம். புதிதாக வரும் பூனையை மூன்று வாரம் பழைய தொழுவத்தின் ஓரத்தில் வலை அடித்த தனி இடத்தில் வைப்போம். குடற்புழு மருந்து, தடுப்பூசி, கொஞ்சம் தேறியதும் கருத்தடை. கர்ப்பிணிகள் யாராவது கொட்டகைக்கு வந்தால் பூனையைத் தொடலாம், கொஞ்சலாம். தட்டுப் பக்கம் மட்டும் விடமாட்டோம்.

இன்னொன்றையும் டாக்டரம்மா சொன்னார், பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும். பூனையின் ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தால், அந்தப் பூனை பெரும்பாலும் முட்டை தள்ளும் காலத்தைக் கடந்துவிட்டது என்று அர்த்தம். நெகட்டிவ் என்று வருகிற சின்னப் பூனைக்குத்தான் இனிமேல் தொற்று வந்து முட்டை தள்ள வாய்ப்பு இருக்கிறது. ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பூனையைத் தெருவில் விட்டவர்கள் எத்தனை பேர்!

தங்கை மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்தால் கொட்டகையில்தான் இருப்பாள். செவலையின் தெரியாத கண் பக்கமாகப் போகக்கூடாது, எதிரே போய்க் கூப்பிட வேண்டும் என்று அவளாகவே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். சிட்டு போன தை மாதம் போய்ச் சேர்ந்தாள், வயசுதான். மாமா வந்து நின்றார். குழியை அவர்தான் வெட்டினார். ஒரு வார்த்தையும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம், இருபத்தைந்து வயசு இருக்கும், ஒரு பையன் வண்டியை நிறுத்தினான். முன்னால் சாக்கு. சாக்கு அசைந்தது. வீட்டில் மனைவிக்கு மூன்றாம் மாதம், அவன் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட மனசு வராமல் இங்கே கேட்டு வந்திருக்கிறான். சின்னம்மா முதலில் சாக்கின் கயிற்றை அவிழ்த்தார். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கறுப்புப் பூனை வெளியே வந்து அவன் காலுக்கு நடுவிலேயே போய் நின்றது.

"என்ன தம்பி சாப்பிடும் இது?"

"தயிர்ச்சோறு அக்கா. அவதான் பிசைஞ்சு வைப்பா."

"வெளியில போகுமா?"

"வாசலத் தாண்டாது."

உட்காரச் சொன்னேன். மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன், ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மனைவிக்கு டெஸ்ட் எடுத்திருந்தால் இரண்டு வரியையும் பார்த்து டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். தட்டை அவன் எடுக்க வேண்டும், மனைவி எடுக்கக் கூடாது, தினமும் எடுக்க வேண்டும் என்றேன். கறியை நன்றாக வேக வைக்கச் சொன்னேன், சுவரொட்டியைப் பற்றியும் சொன்னேன். அவன் அம்மாவுக்குப் புரியாவிட்டால் நானே வந்து பேசுகிறேன் என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பூனையைத் தூக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சாக்கை இங்கேயே போட்டுவிட்டுப் போனான்.

நான்கு நாள் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, அந்த உமிச்சாம்பல் எந்த மில்லுல வாங்குறீங்க?"

வெட்டாற்றுப் பாலம் தாண்டி, இடது கைப் பக்கம், பின்வாசலில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள் என்று சொன்னேன்.